இடம்பெயர்ந்த வீட்டில் நத்தார்



மார்கழி பிறந்ததும் நமது வீடுகளில் இரண்டு விதமான பேச்சுகள் கேட்கத் தொடங்குகின்றன. பிள்ளைகள் புது உடுப்பைப் பற்றியும் பாலன் குடிலைப் பற்றியும் பேசுகிறார்கள். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் காசைப் பற்றிப் பேசுகிறார்கள். கொக்குவிலிலும் அயற்கிராமங்களிலும் வாடகை வீடுகளிலோ உறவினரின் வளவுகளிலோ வாழும் குடும்பங்களைத் திருவருகைக் காலத்தில் சந்திக்கச் செல்லும்போது நாம் அதிகம் காண்பது மகிழ்ச்சியை அல்ல, களைப்பையே. விழாவுக்கு முன்னரே விழாவைப் பற்றிய கவலை வந்து விறாந்தையில் உட்கார்ந்து விடுகிறது.

இதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இக்கவலைக்குத் தகுந்த காரணங்கள் உண்டு.

கையில் காசில்லாத மாதம்

முதற் காரணம் நமது தொழிலிலேயே இருக்கிறது. தைப்பொங்கல் அறுவடையோடு வருகிறது. நத்தாரோ அறுவடைக்கு முன்னர் வருகிறது. காலபோக நெல் இன்னும் வயலில் நிற்கிறது; வெட்டுவதற்குத் தை, மாசி ஆகும். புகையிலைக் கன்றும் எருவும் காசு கேட்கின்றன. மழை கூடினால் வெங்காயம் அழுகுகிறது, கூலி வேலையும் நின்று விடுகிறது. உழவனின் காசு முழுவதும் மண்ணுக்குள் கிடக்கும் மாதம் இது. சொந்தக் காணியில் இருந்த காலத்தில் வளவுத் தேங்காயும் வீட்டு நெல்லும் கூட்டுக் கோழியும் விழாவைத் தாங்கின. இன்று அவை யாவும் கடையில் வாங்க வேண்டிய பொருட்கள்.

நினைவுகளின் மாதம்

இரண்டாவது காரணம் மனதில் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தங்கள் செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே எழுந்து நடந்தது. கொக்குவிலும் வெறிச்சோடியது. இலட்சக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்குச் சென்றார்கள். அவ்வாண்டு நத்தாரைப் பலர் பள்ளிக்கூடங்களிலும் கொட்டில்களிலும் மரநிழல்களிலும் கழித்தார்கள். 2004 மார்கழி 26இல், நத்தாருக்கு மறுநாட் காலையில், கடல் நமது கரையோரக் கிராமங்களை அள்ளிச் சென்றது. 2009இல் வன்னியில் நடந்ததை இங்கு எழுதத் தேவையில்லை. 2009க்குப் பின்னர் வலிகாமம் வடக்கில் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனவர்களும் உண்டு, காத்திருந்தே முதுமை அடைந்தவர்களும் உண்டு. ஊரில் கொண்டாடியதுபோல் இங்கும் கொண்டாட வேண்டும் என்று முயலும்போது, இல்லாதவர்களும் இழந்தவையும் மேலும் பெரிதாகத் தெரிகின்றன.

முதல் நத்தார்

இங்கு நாம் நற்செய்தியைத் திரும்பப் பார்க்க வேண்டும். பேரரசன் ஒருவனின் கட்டளையால் சூசையப்பரும் மரியாளும் வழிப்பயணம் போனார்கள். சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. பின்னர் ஏரோதுக்கு அஞ்சி, இரவோடிரவாக எகிப்துக்கு ஓடினார்கள். நத்தார் முடிந்து மூன்றாம் நாளே, மார்கழி 28இல், கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளைத் திருச்சபை நினைவுகூருகிறது. நமது விழாக் காலம் கண்ணீரை மறைப்பதில்லை. 1952இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், எகிப்துக்குப் போன திருக்குடும்பத்தை எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார்.

ஏழ்மையை ஆண்டவர் விரும்புகிறார் என்றோ, காணியைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்றோ இதற்குப் பொருளல்ல. திருக்குடும்பமும் நாடு திரும்பியது. ஆனால் வசதியில்லாத வீட்டில் நத்தார் குறைபட்டுப் போகிறது என்ற எண்ணம் நற்செய்தியிலிருந்து வந்ததல்ல.

நாம் என்ன செய்யலாம்?

* குடும்பமாகக் கூடியிருந்து, கையிலுள்ள காசையும் அவசியச் செலவுகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாக விளங்கிக்கொள்வார்கள்.

* விதைக்கும் எருவுக்கும் வைத்த காசைத் தொடாதீர்கள். உடுப்புக்காக நகையை அடகு வைக்கவோ வாரக்கடன் எடுக்கவோ வேண்டாம். ஒருநாள் உடுப்புக்கு ஒரு வருடம் வட்டி கட்டிய குடும்பங்களை நாம் அறிவோம்.

* நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒரே அடுப்பில் பலகாரம் சுடுங்கள். எண்ணெயும் விறகும் மிச்சமாகும். மா இடிப்பதும் தேங்காய் துருவுவதும் ஆண்களுக்கும் உரிய வேலைகளே. பெண்களின் களைப்பில் பாதி இதனாலேயே குறையும்.

* விழா நாளில் போத்தலோடு போகும் காசு, பெரும்பாலும் வீட்டின் சமாதானத்தையும் கொண்டு போகிறது. ஆண்கள் இதை மனதில் இருத்த வேண்டும்.

* இறந்தவர்களுக்கும் காணாமற் போனவர்களுக்கும் குடிலின் அருகே ஒரு திரி ஏற்றுங்கள். அழ விரும்புபவர்களை அழ விடுங்கள். "நல்ல நாளில் அழக்கூடாது" என்று தடுக்காதீர்கள்.

* கிணற்றில் தண்ணீர் அள்ள விட்ட சைவ அயலவருக்கு முதற் தட்டுப் பலகாரம் போகட்டும். பொங்கலுக்கு அவர்களின் தட்டு நம் வீட்டுக்கு வரும்.

* நித்திரையின்றி, உணவின்றி, சாவைப் பற்றியே ஒருவர் பேசினால் அதை விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள். அவரைத் தனியே விடாமல் யாழ்ப்பாணம் அல்லது தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துடனும் தொலைபேசியில் பேசலாம்.

* அடுத்த நத்தாருக்கு இந்தப் பொங்கலோடு தொடங்குங்கள். அறுவடைக் காசு வரும்போது சிறு சேமிப்புக் குழு அமையுங்கள். வாரம் 100 ரூபா வீதம் 40 வாரங்களில் 4,000 ரூபா சேரும்.

பங்குகளை நடத்தும் நாமும் நம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒளிவிழாவுக்கு ஒரே நிறத்தில் உடுப்பு வேண்டுமென்று கேட்கும்போது, எத்தனை தாய்மாருக்கு அன்றிரவு நித்திரை கெடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வெட்கத்தால் ஒரு பிள்ளையாவது வராமல் நிற்கும் ஒளிவிழா, பாலனுடைய விழா ஆகாது.

விடுவிக்கப்பட்ட தன் காணியைப் பார்க்கச் சென்ற தந்தை ஒருவர், இடிந்த வீட்டடியிலிருந்து ஒரு பிடி செம்மண் கொண்டுவந்தார். அவ்வாண்டு அவர்களின் குடிலில் வைக்கோலுக்குக் கீழே அந்த மண் பரப்பப்பட்டிருந்தது. வேறு சோடனை எதுவும் இல்லை. பிள்ளைகள் எங்களைக் கைபிடித்து அழைத்துப் போய், "இது எங்கட காணி மண்" என்று காட்டினார்கள்.

அந்த மண்ணில் படுத்திருக்கும் பாலன் உங்கள் குடும்பங்களைக் காத்து, உங்கள் காணிகளுக்கு உங்களை வழிநடத்துவாராக.