ஊசி குத்தினா வலி போகுமா?

பீரியட்ஸ்னா வயிறு வலிக்கத்தான் செய்யும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு லேப்ல நிக்கிற ஆளா நீங்க? மாத்திரை போட்டும் அடங்காம, மாசாமாசம் கிளாஸுக்கு லீவ் போட்டுட்டுச் சுருண்டு படுக்கிறீங்களா? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். பசங்களே, நீங்களும் எஸ்கேப் ஆகாதீங்க. உங்க தங்கச்சிக்கோ தோழிக்கோ இது உதவும்.

இப்படிப்பட்ட வலிக்கான காரணங்கள்ல ஒண்ணு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையோட உள்சுவர்ல இருக்கிற மாதிரியே ஒரு திசு, கர்ப்பப்பைக்கு வெளியே சினைப்பை, சினைக்குழாய், அடிவயிற்றுச் சவ்வுன்னு வேற இடங்கள்ல வளர்றதுதான் இது. உலகத்துல சுமார் 19 கோடிப் பேருக்கு, அதாவது குழந்தை பெறும் வயசுல இருக்கிற பெண்கள்ல பத்துல ஒருத்தருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. முழுசா குணமாக்கும் மருந்து இன்னும் வரலை. வலி மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டா ஆபரேஷன். ஹார்மோன் சிலருக்கு ஒத்துக்காது. ஆபரேஷன் பண்ணியும் சிலருக்கு வலி திரும்பி வருது. அதனாலதான் சிலர் அக்குபங்சரைத் தேடிப் போறாங்க.

ஊசி என்ன பண்ணுது?

பயப்படாதீங்க, இது இன்ஜெக்‌ஷன் ஊசி இல்லை. தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர்தான். துளையும் இல்லை, மருந்தும் இல்லை. உடம்புல ஓடுற சக்தியை இது சீராக்குதுன்னு சீன வைத்தியம் சொல்லுது. விஞ்ஞானிகள் வேற வழியில தேடினாங்க. மார்ஃபினோட வேலையைத் தடுக்கிற நலாக்ஸோன் மருந்தைக் கொடுத்தப்போ, அக்குபங்சரால வந்த வலி நிவாரணமும் குறைஞ்சுதுன்னு 1977-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டுச்சு. அப்போ ஊசி குத்தும்போது உடம்பே தன்னோட சொந்த வலி மருந்தான எண்டார்ஃபினைச் சுரக்குதோன்னு ஆராய்ச்சி சூடு பிடிச்சுது.

டம்மி ஊசி டெஸ்ட்

'ஊசி குத்தியாச்சு, இனி சரியாயிடும்'ங்கிற நம்பிக்கையே பாதி வலியைக் குறைச்சுடலாமே? அதைப் பிரிச்சுப் பார்க்க 1998-ல் ஜெர்மனியில ஒரு டம்மி ஊசியை அறிமுகப்படுத்தினாங்க. முனை மழுங்கல். அழுத்தினா தோலுக்குள்ள போகாம கைப்பிடிக்குள்ளேயே போயிடும். இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்டான எனக்கு இந்த டிசைன் செம!

எண்டோமெட்ரியோசிஸுக்கு வருவோம். 2011-ல் காக்ரேன் அமைப்பு 24 ஆய்வுகளைப் பார்த்து, தரத்துல தேறினது ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லிடுச்சு. அதுலயும் 67 பேர்தான். 2023-ல் சீனாவுல பல ஆஸ்பத்திரிகள்ல 106 பெண்கள்கிட்ட நடந்த ஆய்வு வெளியாச்சு. பாதிப் பேருக்கு நிஜ அக்குபங்சர், மீதிப் பேருக்குப் போலி. 12 வாரம் முடிஞ்சப்போ நிஜ ஊசி போட்டவங்களுக்கு மாதவிடாய் வலி அதிகமா குறைஞ்சிருந்தது. ஆனா சிகிச்சையை நிறுத்தின பிறகு அந்தப் பலனும் குறைஞ்சுபோச்சு. இதுக்கு முன்னாடி 2022-ல் வந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியும் அக்குபங்சரைப் பரிந்துரைக்கலை. நன்மை தீமை தெளிவா இல்லைங்கிறதுதான் காரணம்.

ஆக, ஊசி சிலருக்கு வலியைக் குறைக்கலாம். நோயை அழிக்கும்னு யாரும் நிரூபிக்கலை. ஆபத்தே இங்கதான். வலி குறைஞ்சதும் நோயே போயிடுச்சுன்னு விட்டுட்டா, சினைப்பையில ரத்தக்கட்டி சத்தமில்லாம வளரலாம்.

போறதுக்கு முன்னாடி...

* முதல்ல மகப்பேறு மருத்துவர். மாதவிடாய் சமயத்துல மலம், சிறுநீர் கழிக்கும்போது வலிச்சா கூச்சப்படாம சொல்லுங்க. ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் இந்த நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை. வலி தொடர்ந்தா மறுபடி போங்க.

* முறையா பயிற்சி பெற்றவரா, ஒரு தடவை மட்டுமே பயன்படுத்துற ஊசியைக் கண்ணு முன்னாடி பிரிக்கிறாரான்னு பாருங்க.

* ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டா முன்கூட்டியே சொல்லுங்க.

* 'மாத்திரையை நிறுத்து, அடியோட குணமாக்குறேன்'னு யாராவது சொன்னா, எழுந்து வந்துடுங்க.

* ஒரு நோட்டு போடுங்க. தேதி, 0-லிருந்து 10 வரை வலிக்கு மார்க், போட்ட மாத்திரை, லீவ் எடுத்த நாள். டாக்டருக்கும் உதவும், ஊசி உங்களுக்கு வேலை செய்யுதான்னும் மூணு மாசத்துல தெரிஞ்சிடும்.

'பொண்ணுன்னா பொறுத்துக்கணும்'னு வீட்டுல சொன்னா, அந்த நோட்டை அவங்ககிட்ட நீட்டுங்க. அதுக்கப்புறம் அம்மாவே உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்!