அடுத்து ஆட வேண்டிய பையன்

பம்பாய் ஆசாத் மைதானம். 1988 பிப்ரவரி. பள்ளிகளுக்கு இடையிலான ஹாரிஸ் ஷீல்டு போட்டியின் அரையிறுதி. தாதரில் இருக்கும் சாரதாஷ்ரம் வித்யாமந்திர் பள்ளி 84 ரன்னுக்கு இரண்டு விக்கெட்டை இழந்திருந்தபோது, 14 வயது சச்சின் டெண்டுல்கரும் 16 வயது வினோத் காம்ப்ளியும் ஜோடி சேர்ந்தார்கள். அடுத்து இறங்க வேண்டியவன் 13 வயது அமோல் முஜும்தார். காலில் பேடு கட்டிக்கொண்டு, மட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். அன்று முழுக்க விக்கெட் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. டிக்ளேர் செய்யச் சொல்லி எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து துணைப் பயிற்சியாளர் கையைக் கையை ஆட்ட, அந்தப் பக்கமே திரும்பாமல் இரண்டு பையன்களும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மும்பை கிரிக்கெட் வட்டாரத்தில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை அது. கடைசியில் இரண்டு விக்கெட்டுக்கு 748 ரன்களில் ஆட்டத்தை முடித்துக்கொண்டபோது காம்ப்ளி 349, சச்சின் 326. இருவருமே ஆட்டமிழக்கவில்லை. 664 ரன் கூட்டணி. உலக சாதனை என்று பத்திரிகைகள் எழுதின. 2006-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த இரண்டு பள்ளிச் சிறுவர்கள் 721 ரன் சேர்க்கும்வரை அது நின்றது.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அங்கே வேறு பையன்களும் இருந்தார்கள்.

எதிரணியான செயின்ட் சேவியர்ஸ் பள்ளிக்காகப் பந்து போட்டவர்களில் ஒருவர் சாய்ராஜ் பஹுதுலே. லெக் ஸ்பின்னர். 27 ஓவர் வீசி 182 ரன் கொடுத்தார். வேறு பையனாக இருந்தால் அன்றோடு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கப் போயிருப்பான். பஹுதுலே போகவில்லை. முதல்தர கிரிக்கெட்டில் 600 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். 13 ஆண்டுகள் கழித்து, 2001 மார்ச்சில், நம் சேப்பாக்கம் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்திய டெஸ்ட் அணியில் அறிமுகமானார். ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்த அதே ஆட்டம். அதில் சதம் அடித்தவர் சச்சின். பள்ளிப் பருவத்தில் தன்னை அடித்து நொறுக்கியவருக்கு அருகிலேயே நின்று ஃபீல்டிங் செய்யும் பாக்கியம் எத்தனை பந்துவீச்சாளருக்குக் கிடைக்கும்! அவருடைய டெஸ்ட் கணக்கு இரண்டே ஆட்டங்களில் முடிந்துபோனது என்பது வேறு விஷயம்.

சாரதாஷ்ரம் பையன்களுக்கு ஒரே குரு, ராமாகாந்த் அச்ரேக்கர். சிவாஜி பார்க்கில் அவருடைய பயிற்சி முகாம். சச்சினை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஒரு மைதானத்திலிருந்து இன்னொரு மைதானத்துக்கு அழைத்துப் போவார். ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆடவைப்பார். ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். சச்சினை அவுட் ஆக்குகிற பந்துவீச்சாளருக்கு அந்த ரூபாய். யாராலும் முடியவில்லை என்றால் அது சச்சினுக்கு. அப்படிச் சம்பாதித்த 13 நாணயங்களைப் பெரிய சொத்தாக நினைக்கிறேன் என்று சச்சின் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு ரூபாய்க்காக ஓடி ஓடிப் பந்து போட்ட பையன்கள் யார் யார் என்று எந்தப் புத்தகமும் பட்டியல் போடவில்லை. அவர்கள் போட்ட பந்திலும்தான் சச்சின் வளர்ந்தார்.

பிள்ளையை கோச்சிங் கேம்ப்பில் சேர்த்துவிட்டு, வேலிக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் பெற்றோருக்கு இது நன்றாகத் தெரியும். ஒரே பேட்ச், ஒரே கோச், ஒரே நெட். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் கேட்கிற முதல் கேள்வி, “அந்தப் பையன் இன்னிக்கு எவ்வளவு அடிச்சான்?”

சச்சின் 16 வயதில் கராச்சியில் டெஸ்ட் ஆடிவிட்டார். காம்ப்ளி 1993-ல் நுழைந்தார். நுழைந்த வேகத்தில் வான்கடேயில் இங்கிலாந்துக்கு எதிராக 224, அடுத்த டெஸ்ட்டிலேயே டெல்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227. அதே ஆண்டு இலங்கையில் அடுத்தடுத்து இரண்டு சதங்கள். ஆனால் 1995-க்குப் பிறகு அவருக்கு டெஸ்ட் ஆட்டம் இல்லை. அப்போது வயது 23தான். 17 டெஸ்ட், 1,084 ரன், சராசரி 54.20. சராசரியை மட்டும் பார்த்தால் சச்சினைவிட ஒரு பிடி அதிகம். ஒழுங்கு, பழக்கவழக்கம், ஷார்ட் பந்து என்று காரணங்கள் நிறையச் சொல்லப்பட்டன. காம்ப்ளியின் கதையை எல்லோரும் ஒரு பாடமாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள்; ‘கெட்டுப்போகாதே’ என்று பிள்ளைகளை மிரட்ட வசதியாக இருக்கிறது. கெட்டுப்போகாமலேயே வாய்ப்பு கிடைக்காமல் போனவரின் கதையை யாரும் பாடமாகச் சொல்வதில்லை. அதிலிருந்து எடுத்துச் சொல்ல எளிதாக எதுவும் இல்லை.

அமோல் முஜும்தாரின் கதை அது.

1994-ல், 19 வயதில், ஹரியானாவுக்கு எதிராக ஃபரிதாபாத்தில் முதல் ரஞ்சி ஆட்டம். அடித்தது 260. அறிமுக முதல்தர ஆட்டத்தில் அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. அந்தச் சாதனை 2018 வரை நின்றது. ‘அடுத்த டெண்டுல்கர்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இளையோர் அணி, இந்தியா ‘ஏ’ அணி என்று படிகளும் சரியாகவே வந்தன. அடுத்த படி வரவே இல்லை.

ஏன் வரவில்லை? பிறந்த தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். காம்ப்ளி 1972 ஜனவரி. கங்குலி 1972 ஜூலை. திராவிட் 1973 ஜனவரி. சச்சின் 1973 ஏப்ரல். வி.வி.எஸ்.லக்ஷ்மண் 1974 நவம்பர் 1. அமோல் முஜும்தார் 1974 நவம்பர் 11. மூன்று வருஷத்துக்குள் பிறந்த ஆறு பேர்; எல்லோருமே பெரும்பாலும் நடுவரிசை ஆட்டக்காரர்கள். ஒரு டெஸ்ட் அணியில் அந்த வரிசைக்கு இருப்பது நாலு இடம். 1996-ல் லார்ட்ஸில் கங்குலியும் திராவிடும் நுழைந்தார்கள். அதே ஆண்டு லக்ஷ்மணும் வந்தார். பிறகு அந்தப் பக்கம் கதவு சாத்தியதுதான். கங்குலி 2008-ல் விடைபெற்றார். திராவிடும் லக்ஷ்மணும் 2012-லும், சச்சின் 2013-லும் விலகியபோது அமோலுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இதைத் தலைவிதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1994-க்கும் 1996-க்கும் நடுவில் இந்திய நடுவரிசையில் இடங்கள் காலியாகத்தான் இருந்தன. காம்ப்ளி போனார். அதே அச்ரேக்கர் முகாமிலிருந்து வந்த பிரவீண் ஆம்ரே, டர்பனில் அறிமுக டெஸ்ட்டிலேயே சதம் அடித்தும், 11 டெஸ்ட்டோடு நிறுத்தப்பட்டிருந்தார். ரஞ்சியில் ரன் குவித்துக்கொண்டிருந்த இளைஞனை ஒரே ஒரு டெஸ்ட்டிலாவது ஆடவைத்துப் பார்த்திருக்கலாம். தேர்வாளர்கள் பார்க்கவில்லை. ஒரு தொடர், இரண்டு தொடர் என்று தள்ளிப்போய், அதற்குள் அந்த மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

இந்த வரிசையில் நின்றவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. தமிழ்நாட்டுக்கே ஓர் ஆள் உண்டு. 1972-ல் பிறந்த ஸ்ரீதரன் சரத், இடது கை ஆட்டக்காரர். 8,700 முதல்தர ரன்கள், 27 சதங்கள், சராசரி ஐம்பதுக்கு மேல். இந்தியத் தொப்பி கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய தலைமுறையில் ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்தார். இன்றுவரை அதுதான் சாதனை. அவரும் இடது கை சுழல். அவர் காலத்தில் அந்த இடத்தில் பிஷன் சிங் பேடி இருந்தார். 1974-ல் பெங்களூரு டெஸ்ட்டுக்குப் பேடி இல்லாதபோது கோயல் அணியில் சேர்க்கப்பட்டார். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது பதினொரு பேரில் அவர் இல்லை. சுனில் கவாஸ்கர் தனக்குப் பிடித்த ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ஒரு டெஸ்ட்கூட ஆடாத கோயலுக்கும் மும்பையின் பத்மாகர் சிவால்கருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். கவாஸ்கர் நெருங்கிப் பார்த்தவர். அவருக்குத் தெரியும்.

அமோல் ஆடிக்கொண்டே இருந்தார். 171 முதல்தர ஆட்டங்கள், 11,167 ரன்கள், 30 சதங்கள். இதில் பெரும்பகுதி, காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடிய ரஞ்சி ஆட்டங்களில் வந்தது. காலை ஒன்பதரை மணி வெயிலில் சொற்பமான ஆட்கள் பார்க்க, தன்னைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும், இருபதாவது ஆண்டிலும் பேடு கட்டுவதற்கு வேறொரு மனசு வேண்டும்.

2006-07 சீசனில் மும்பைக்கு அவர் கேப்டன். தொடக்க ஆட்டங்களில் தோற்று, அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து எழுந்து இறுதிப்போட்டிக்கு வந்தது. வான்கடேயில் வங்காளத்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் மும்பைக்கு ஆட வந்தவர் சச்சின், எதிரணியில் கங்குலி. சச்சின் சதம் அடிக்க, மும்பை வென்றது. கோப்பையை வாங்கியவர் கேப்டன் அமோல். பள்ளியில் யாருக்காகக் காத்திருந்தாரோ அவரையே தன் அணியில் இறக்கி ஆடவைத்து ஜெயித்திருக்கிறார். பத்திரிகைகளில் பெரிதாக வந்த படம் யாருடையதாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு அஸ்ஸாம், ஆந்திரா என்று போய் ஆடினார். 2008-ல் ஐ.பி.எல். வந்தபோது வயது 33. வீரராக அந்த வண்டியிலும் அவர் ஏறவில்லை. 2014-ல் ஓய்வு. அடுத்து பயிற்சி வேலை. ராஜஸ்தான் ராயல்ஸுக்கு பேட்டிங் பயிற்சியாளர், 2019-ல் இந்தியாவுக்கு வந்த தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணிக்குத் தற்காலிகமாக அதே வேலை, பிறகு மும்பை. 2022 ரஞ்சி இறுதிப்போட்டியில் அவருடைய மும்பையை மத்தியப் பிரதேசம் தோற்கடித்தது. மத்தியப் பிரதேசத்தின் பயிற்சியாளர் சந்திரகாந்த் பண்டிட். அவரும் அச்ரேக்கரின் மாணவர்தான். குரு 2019 ஜனவரியில் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் இரண்டு பேரையும் திட்டியிருப்பார்.

2023 அக்டோபரில் இந்திய மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு அமோலிடம் வந்தது. நாட்டுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாதவருக்கு என்ன தெரியும் என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது. 2025 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று தோல்விகள் வந்தபோது அது சத்தமாகவே கேட்டது.

இங்கிலாந்து ஆட்டத்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் அணியில் இல்லை, வெளியே உட்காரவைக்கப்பட்டிருந்தார். அடுத்த ஆட்டத்திலேயே திரும்ப அழைக்கப்பட்டு நியூஸிலாந்துக்கு எதிராக 76. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338 ரன்னைத் துரத்தியபோது ஆட்டமிழக்காமல் 127. ஷஃபாலி வர்மா முதலில் 15 பேர் பட்டியலிலேயே கிடையாது. ஹரியானாவுக்காக உள்நாட்டு டி20 ஆடிக்கொண்டிருந்தார். தொடக்க ஆட்டக்காரர் பிரதிகா ராவல் வங்கதேச ஆட்டத்தில் காலில் அடிபட்டு விழ, அரையிறுதிக்கு அழைப்பு போனது. இறுதிப்போட்டியில் ஷஃபாலி 87 ரன். பந்துவீசி இரண்டு விக்கெட்டும். ஆட்ட நாயகி அவர்தான்.

நவம்பர் 2. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் மைதானம். இந்தியா 298, தென்னாப்பிரிக்கா 246. 52 ரன் வித்தியாசத்தில் மகளிர் அணிக்கு முதல் உலகக் கோப்பை. கேப்டன் ஹர்மன்பிரீத் கௌர் நேராகப் போய் பயிற்சியாளரின் காலைத் தொட்டு வணங்கி, கட்டிக்கொண்டு அழுதார். ஒன்பது நாளில் 51 வயதாக இருந்த மனிதர் பெரிதாக எதுவும் பேசவில்லை. பெண்களை முன்னால் விட்டுவிட்டு நின்றார்.

கொண்டாட்டத்தின் நடுவில் சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணை மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிரதிகா ராவல். தொடர் முழுக்க ரன் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டு ஆட்டங்களை வெளியிலிருந்து பார்க்க நேர்ந்தவர். தோள் மேல் தேசியக் கொடியைப் போர்த்தியிருந்தார். கூட இருந்தவர்கள் ஆட ஆரம்பித்ததும், நாற்காலியிலிருந்து எழுந்து, கட்டுப் போட்ட காலோடு அவரும் கொஞ்சம் ஆடினார்.