ஆட்டக் கருவியிலிருந்து ஆள்பெயருக்கு: ‘கில்லி’ என்னும் சொல்லின் பொருள் விரிவு

முன்னுரை

விளையாட்டுச் சொற்கள் களத்தை விட்டு வெளியேறிப் பொதுவழக்கில் புதுப்பொருள் பெறுவது பல மொழிகளிலும் காணப்படும் இயல்பு. அமெரிக்க ஆங்கிலத்தில் பேஸ்பால் ஆட்டத்தின் ‘ஹோம் ரன்’ பெருவெற்றியைக் குறிக்கிறது. தமிழில் இத்தகைய மாற்றத்திற்குக் ‘கில்லி’ தக்க சான்றாகும்.

ஆட்டமும் சொல்லும்

கிட்டிப்புள், சில்லாங்குச்சி, கில்லி தாண்டு என இடத்திற்கேற்பப் பெயர் பெறும் ஆட்டத்தில், இருமுனையும் கூராக்கிய சிறுகுச்சியே கில்லி. நீண்ட கோலால் அதன் முனையைத் தட்டி, எழும்பும்போது வீசி அடிப்பர். பேஸ்பாலைப் போலவே, அடித்ததை எதிரணியினர் நிலத்தில் விழுமுன் பிடித்தால் அடித்தவர் ஆட்டமிழப்பார்.

பேச்சு வழக்கு

‘கில்லி மாதிரி பாய்ந்தான்’ என்பதில் கில்லி உவமையாக நிற்கிறது. ‘அவன் வேலையில கில்லி’ என்பதில் உவம உருபு மறைந்து, பொருளின் பெயர் ஆளுக்கு ஆகிவருகிறது. மரபிலக்கணம் இதனை உவமையாகுபெயர் என்னும்; ‘பாவை வந்தாள்’ என்பதும் இவ்வகையினதே. சத்தியமங்கலம் உள்ளிட்ட கொங்கு வட்டாரப் பேச்சில் மரியாதை ஒட்டு சேர்ந்து ‘கில்லிங்க’ என அமையும். ஆட்டத்தில் அடிபடும் பொருள், வழக்கில் வெல்லும் ஆளாவது கருதத்தக்கது. அடிபடுதல் மறைய, விரைவு மட்டும் எஞ்சுகிறது. இந்தியில் ஆட்டக்காரரைக் குறிக்கும் ‘கிலாடி’யிலிருந்து வந்த ‘கில்லாடி’, திறமையோடு சூழ்ச்சியையும் உணர்த்தும். ‘கில்லி’யிலோ பாராட்டே மேலோங்கும்.

திரைத்தலைப்பு

தரணி இயக்கத்தில் விஜய் நடித்த ‘கில்லி’ (2004), ‘ஒக்கடு’ (2003) என்னும் தெலுங்குப் படத்தின் மறுவாக்கம். நாயகன் ஆடுவது கபடி, கிட்டிப்புள் அன்று. எனவே தலைப்பு ஆட்டத்தைச் சுட்டாமல் ஆளின் திறத்தையே சுட்டுகிறது. வழக்குப்பொருள் மூல ஆட்டத்தின் துணையின்றித் தனித்து நிற்கவல்லது என்பதை இது காட்டுகிறது. படம் அப்பொருளைப் படைக்கவில்லை, பரப்பியது.

முடிவுரை

கருவி, உவமை, ஆள், தலைப்பு என்பதே இச்சொல்லின் வளர்ச்சிநிலை. பெருமாள்முருகனின் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ போன்ற தொகுப்புப் பணிகளைத் தொடர்வோர், சொற்பொருளை இவ்வரிசையிலேயே பதிவு செய்தல் வேண்டும். ஆட்டம் அருகிவரும் காலத்தில் திரைப்பொருளை மட்டும் பதிவது, படமே சொல்லின் பிறப்பிடம் என்னும் பிழையான முடிவுக்கு வழிவகுக்கும்.