வெதுவெதுப்பு

புதிய ஏற்பாட்டின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்திலே சின்ன ஆசியாவின் ஏழு திருச்சபைகளுக்கு விடுத்த ஏழு திருமுகங்கள் உள. அவற்றுள் ஆறில், குற்றங் கடிந்துரைக்குமிடத்தும், பாராட்டாக ஒரு சொல்லேனும் வந்துவிடும். ஏழாவதாகிய லவோதிக்கேயாத் திருமுகத்தில் அதுவும் இல்லை. வியப்பு யாதெனின், அச்சபையார்மீது பெரும்பழி எதுவும் சுமத்தப்படவில்லை. கள்ளப் போதகரைச் சேர்த்துக்கொண்டார் என்றோ, விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்டார் என்றோ, ஒழுக்கங் கெட்டார் என்றோ அங்கே ஒரு சொல் இல்லை. பிற சபைகள் சிலவற்றுக்கு இவை கூறப்பட்டன. லவோதிக்கேயர் செய்த பிழை, சூடுமின்றித் தண்மையுமின்றி வெதுவெதுப்பாய் இருந்தமையும், தமக்கு ஒன்றுங் குறைவில்லை என்று எண்ணியமையுமே. அதற்காகவே வாயினின்று உமிழப்படுவர் என்னுங் கடுமொழி பிறந்தது.

தமிழ் படிப்போர்க்கு இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வெதுவெதுப்பு என்னுஞ் சொல் நம் செவிக்கு வெறுப்பூட்டுவதன்று. மார்கழிப் பனியில் முகங்கழுவவும், குழந்தையை நீராட்டவும், தொண்டை கட்டியவன் கொப்பளிக்கவும் நாம் தேடுவது வெதுவெதுப்பான நீரையே. இனி, உரைகாரர் வழிவழியாகக் கூறிவந்த பொருளும் முழுதும் பொருந்துவதன்று. சூடு பக்தி வைராக்கியம், தண்மை அவிசுவாசம், வெதுவெதுப்பு இரண்டுங்கெட்ட நிலை என்பர். அங்ஙனமாயின், தண்மையாகவேனும் இருந்திருக்கலாமே என்று ஆண்டவர் விரும்பியது எற்றுக்கு? அவிசுவாசத்தை அவர் விரும்புவாரோ? வெளிப்படையான பகைவன் போலி நண்பனிலும் மேல் என்று அமைதி கூறுவாரும் உளர். அமைதி அழகியதே, ஆயினும் ஊரைப் பாராமற் கூறிய அமைதி அது.

ஊரைப் பார்ப்போம். லவோதிக்கேயா, இன்றைய துருக்கி நாட்டின் டெனிஸ்லி நகருக்கு அண்மையில், லைக்கஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. கி. மு. 3ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அந்தியோக்கஸ் அதனை அமைத்துத் தன் மனைவி பெயரை இட்டான். வடக்கே, ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவில் எராப்போலி. அங்கே வெந்நீரூற்றுக்கள் வெள்ளிய சுண்ணப் பாறைகளின்மேல் வழிவதைப் பமுக்காலே என்னும் பெயரால் இன்றும் உலகினர் சென்று காண்கின்றனர். பண்டு நோயாளர் அந்நீரை நாடிச் சென்றனர். தென்கிழக்கே கொலோசே, அங்கே மலைநீர் குளிர்ந்து ஓடியது. இடையிலிருந்த லவோதிக்கேயாவோ தொலைவிலிருந்து குழாய்வழியே நீரைக் கொணர்ந்தது. அக்குழாய்களின் உள்ளே சுண்ணம் தடிப்பேறிக் கிடப்பதை அகழ்வாய்வாளர் கண்டுள்ளனர். கி. பி. 114ஆம் ஆண்டுக்குரிய தண்ணீர்ச் சட்டக் கல்வெட்டொன்றும் அங்கே கிடைத்தமை 2015இல் அறிவிக்கப்பட்டது. நகர நீரை முறைகேடாகக் கையாண்டாற் பெருந்தண்டம் என்கிறது அது. நீர் அவ்வூர்க்கு அத்துணைக் கவலை.

1957இல் ரட்விக், கிறீன் என்னும் இருவர் எழுதிய கட்டுரை இந்நிலவியலைக் கொண்டு புதுப்பொருள் கண்டது. சூடும் நன்று, தண்மையும் நன்று. ஒன்று நோய் தீர்ப்பது, மற்றையது விடாய் தீர்ப்பது. இடைப்பட்டதே பயனற்றது என்றனர். விருந்திலே திராட்சை மதுவைச் சூடாகவோ குளிரவோ பரிமாறிய பழைய வழக்கோடு இதனை இணைத்துக் கூறுவாரும் பின்னர்த் தோன்றினர். எவ்வாறாயினும், இங்கே தண்மை என்பது அவிசுவாசமன்று என்பதே எம் துணிபு.

குறைவில்லை என்னும் எண்ணத்துக்கும் ஊரிலே காரணம் உண்டு. லவோதிக்கேயா பணம் புழங்கிய நகர், கி. மு. 51இல் சிசெரோ தம் உண்டியலை மாற்ற எண்ணியது அங்கேதான். அவ்வூர்க் கரிய ஆட்டுமயிரைப் புகழ்ந்த ஸ்திராபோ அயலிலிருந்த மருத்துவப் பள்ளியையுங் குறிப்பிடுகிறார். கி. பி. 60இல் நிலநடுக்கம் நகரை வீழ்த்தியபோது, உரோமரின் உதவியின்றித் தன் பொருளாலேயே மீண்டெழுந்தது என்பது தாசித்தஸ் எழுதிய வரலாறு. இத்தகைய ஊர்க்கு, பொன்னும் வெள்ளாடையும் கண்ணுக்கு அஞ்சனமும் என்னிடம் வாங்குக என்று திருமுகம் சொல்கிறது. கடைவீதி முழுவதையும் ஏழைவீடாக்கிவிட்ட ஏளனம் இது!

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658இலிருந்து 1795 வரை ஆண்டனர். உத்தியோகம் வேண்டினும், விவாகம் பதிய வேண்டினும், முதுசொம் பிள்ளைக்குச் சேர வேண்டினும் ஞானஸ்நானம் இன்றியமையாததாயிற்று. தோம்புகளிற் கிறித்தவர் பெயர் பெருகியது. ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நெகிழவே, பெயர்கள் உதிர்ந்தன. 1806இல் இங்கு வந்த குளோடியஸ் புக்கானன் கண்டவை பாழடைந்த கோவில்கள். அரைமனக் கிறித்தவர்க்கு எடுத்துக்காட்டாக இவர்களைச் சொல்வது வழக்கம். எமக்கு அது உடன்பாடன்று. விரதச் சோறுண்ட இலையை வெளியே எறிய அஞ்சிக் கூரை இறப்பிற் செருகினார் என்று பறங்கியர் காலத்தைப் பற்றிச் செவிவழிச் செய்தி உண்டன்றோ? அந்நெஞ்சு வெதுவெதுப்பானதன்று, அதன் சூடு வேறோர் அடுப்பினது. தோம்பை எண்ணிப் பார்த்து, குறைவில்லை என்று மகிழ்ந்த ஆட்சியாளரே லவோதிக்கேயர்க்கு நெருங்கிய உறவினர்.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் இதனைக் கண்டு பாடங் கற்றவர். மனமாற்றத்துக்குச் சான்று காணாமல் எவரையுஞ் சபையிற் சேர்க்கத் தயங்கினர். ஆயினும் 1823இல் அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, ஆங்கிலக் கல்வியால் வந்த உத்தியோகத்துக்கே வாயிலாகிவிட்டது என்னும் கவலையும் ஒரு காரணமாக, 1855இல் மூடப்பட்டது. அங்கே கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். பின்னர் வெளிப்படையாகவே சைவரானார். 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். மிஷனரிமார்க்கு அது இழப்பே. எனினும் அவரை வெதுவெதுப்பு என்று எவருங் கூறார். அப்பெயர்க்குரியவர், நீங்கும் எண்ணமும் இன்றி, நெருங்கும் எண்ணமும் இன்றி, ஞாயிறுதோறும் அதே வாங்கில் அமர்ந்து, பிரசங்கம் நீண்டால் மணிக்கூட்டைப் பார்ப்பவர். லவோதிக்கேயாத் திருமுகம் வாசிக்கப்படும் நாளிலும் அவர் அங்கேதான் இருப்பார்.