தாவரவியல் கற்க எங்கே அனுப்புவது?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நம் இல்லங்களிலே ஆலோசனைகள் பல நிகழ்கின்றன. உயிரியற் பிரிவிலே தேறிய பிள்ளைக்கு மருத்துவபீடம் கிட்டாதென்று தெரிந்ததும், ஏதோ பேரிழப்பு நேர்ந்ததுபோல முகம் வாடும் பெற்றோர் உளர். பிள்ளை தாவரவியலை விரும்புவதாகச் சொன்னாலோ, "செடி கொடியைப் படித்து என்ன பயன்?" என்ற கேள்வி உடனே எழுகின்றது.

இக்கேள்விக்கு நம் நாட்டுச் சரித்திரமே விடை கூறும். 1869-ஆம் ஆண்டிலே இலங்கையின் கோப்பித் தோட்டங்களிற் செந்நிறத் துரு நோய் தோன்றியது. 1880-இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர், காற்றினாற் பரவும் ஒருவகைப் பூஞ்சணமே அதற்குக் காரணமென்று ஆராய்ந்து காட்டினார். அதற்குள் நோய் முற்றிவிட்டது, கோப்பி அழிந்தது, அதனிடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. ஓர் இலையின் நோயினால் நாட்டின் செல்வமே நிலைமாறிற்று. இன்று தலவாக்கலையிலே தேயிலைக்கும், அகலவத்தையிலே இறப்பருக்கும், லுணுவிலையிலே தெங்குக்கும், பத்தலகொடையிலே நெல்லுக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. செடியின் இயல்பறிந்தோர் இன்றி இவை நடவா.

இனிச் செலவைப் பற்றிச் சிந்திப்போம். 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நிலவுகின்றது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலே பட்டப் படிப்புக்குப் போதனைக் கட்டணம் இல்லை. தகுதியுடையோருக்கு மகாபொல புலமைப்பரிசிலும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவிப்பணமும் கிடைக்கின்றன. எனவே பெற்றோர் கணக்கிட வேண்டியவை விடுதி, உணவு, பிரயாணம், வெளிக்களப் பயணம் ஆகியவற்றின் செலவே. இவை இடத்துக்கு இடம் வேறுபடும். வீட்டிலிருந்தே சென்றுவரக்கூடிய இடமாயின் செலவு பாதியாகக் குறைவதும் உண்டு.

ஆயினும் செலவு குறைந்த இடமே சிறந்த இடமென்று முடிவு செய்தலாகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி தாவரவியலுக்கே மிகவும் பொருந்தும். ஆகவே ஒரு கலாசாலையைத் தெரிவு செய்யுமுன், அங்கே கற்கும் மூத்த மாணாக்கரைக் கண்டு சில கேள்விகளைக் கேட்டறிதல் நன்று. நுணுக்குக்காட்டி ஒவ்வொருவர் கைக்கும் கிட்டுகின்றதா, பலர் கூடி எட்டிப் பார்க்க வேண்டியதா? செடி வளர்த்துப் பரிசோதிக்க நிலம் உண்டா? உலர்த்திய செடிகளைப் பெயரிட்டுச் சேமித்து வைத்திருக்கின்றார்களா? காட்டுக்கும் வயலுக்கும் மாணாக்கரை அழைத்துச் செல்கின்றார்களா? இறுதியாண்டிலே தாமாகவே ஓர் ஆராய்ச்சியைச் செய்ய இடமளிக்கின்றார்களா? கட்டடத்தின் அழகைக் காட்டிலும் இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளே பெறுமதி வாய்ந்தவை.

பேராதனையின் சிறப்பு யாவரும் அறிந்ததே. 1821-இல் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்காவும், அதனுள் அமைந்த தேசிய உலர்தாவரச் சேகரிப்பும் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் உள்ளன. மகாவலியின் மறுகரையிலே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்களும், பயிர்வித்துக்களைக் குளிரிலே பாதுகாக்கும் நிலையமும் இருக்கின்றன. இத்தகைய சூழல் பிறவிடங்களிற் கிடைத்தல் அரிது.

அதனால் நம் பிரதேசங்களின் கலாசாலைகளைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானபீடம் திருநெல்வேலியிலும், விவசாயபீடம் கிளிநொச்சியிலும் உள்ளன. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. செம்மண் தோட்டமும் இரணைமடு வயலும் அருகிலேயே ஆய்வுகூடங்களாக விளங்குகின்றன. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணாக்கருக்கு நெல்வயலும், தென்னந்தோப்பும், வாவிக்கரைக் கண்டற் காடும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. தன் மண்ணின் பயிரைத் தானே ஆராயும் வாய்ப்புச் சிறியதன்று.

விண்ணப்பிக்குமுன் மற்றொன்றையும் தெளிதல் வேண்டும். விவசாயபீடத்திலே நான்காண்டுகள் பயிர், மண், கால்நடை, பொருளாதாரம் முதலிய பலவற்றையும் கற்பர். விஞ்ஞானபீடத்திலோ தாவரவியலை விலங்கியல், இரசாயனம் போன்ற பாடங்களோடு சேர்த்துக் கற்பர். மூன்றாண்டிற் பொதுப் பட்டமும், நான்காண்டிற் சிறப்புப் பட்டமும் பெறலாம். சிறப்புப் பட்டத்துக்கு முன்னைய ஆண்டுகளின் பெறுபேறுகளைக் கொண்டே தெரிவு செய்வர். ஆராய்ச்சித் துறையை நாடும் பிள்ளை முதலாண்டிலிருந்தே ஊக்கத்தோடு படித்தல் அவசியம். போதனை ஆங்கிலத்தில் நிகழ்வதால், பரீட்சை முடிந்த பின் கிடைக்கும் மாதங்களை ஆங்கிலப் பயிற்சிக்குச் செலவிடுதல் மிகுந்த நன்மை பயக்கும்.

இசற் புள்ளி போதாதவர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. திறந்த பல்கலைக்கழகத்திலே கட்டணம் செலுத்தித் தாவரவியலை ஒரு பாடமாகக் கற்றுப் பட்டம் பெறலாம். உத்தியோகம் பார்ப்போருக்கும் அது ஏற்றது. குண்டசாலை, வவுனியா முதலிய இடங்களிலுள்ள விவசாயக் கல்லூரிகள் டிப்ளோமாப் பயிற்சி அளிக்கின்றன. தனியார் நிறுவனம் ஒன்றை நாடுவோர், அது வழங்கும் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கின்றதா என்று முதலிலே விசாரித்தல் வேண்டும். நகையை அடகு வைத்த பின் விசாரிப்பதிற் பயனில்லை.

பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் தாய்மாருக்கும் ஒரு சொல். விடுதி வசதியையும் பாதுகாப்பையும் நேரிற் சென்று பார்த்து அறிந்துகொள்ளுங்கள். அதன் பின்னர் முடிவு செய்யுங்கள். தூரம் என்ற ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு பிள்ளையின் ஆற்றலைத் தடுத்தல் நீதியன்று.

இலங்கையிலே பூக்கும் தாவரங்கள் ஏறக்குறைய 3,000 இனங்கள் உள்ளன. அவற்றுள் நாலில் ஒரு பங்களவு உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அவற்றைக் காக்கவும், நம் உணவுப் பயிரைப் பெருக்கவும் அறிந்தோர் வேண்டும். ஆதலின் விருப்பு வரிசையை எழுதும் வேளையிலே, அயலார் என்ன சொல்வார் என்பதைச் சற்றே ஒதுக்கிவிட்டு, பிள்ளையின் நாட்டத்தையும், குடும்பத்தின் வரவையும், கலாசாலையின் ஆய்வுகூடத்தையும் ஒருங்கே சீர்தூக்குவோமாக. மனமுவந்து கற்கும் பிள்ளையே கற்றதனால் உயர்வடையும்.