நாட்பட்ட ஆசனவாய் வெடிப்பும் ஆயுர்வேத சிகிச்சையும்

பிறரிடம் சொல்லக் கூசும் நோய்கள் பெரும்பாலும் முற்றிய பின்னரே வைத்தியரிடம் வந்து சேருகின்றன. ஆசனவாய் வெடிப்பு அத்தகைய நோய்களுள் ஒன்றாகும். மலங்கழிக்கும்போது கத்தியால் அறுப்பது போன்ற வலி, அதன் பின்னர் மணிக்கணக்கில் நீடிக்கும் எரிச்சல், மலத்தின்மீது கோடாகப் படியும் சிவந்த இரத்தம் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள்.

ஆசனவாயில் தோன்றும் எல்லாத் துன்பங்களையும் "மூலம்" என்ற ஒரே பெயரால் குறிப்பிடுவது மக்களிடையே வழக்கமாக இருந்து வருகிறது. உண்மையில் இவை வெவ்வேறு நோய்கள். மூலம் என்பது ஆசனவாயின் உட்புறத்திலுள்ள இரத்தக்குழாய்த் திரள்கள் வீங்கிச் சரிவதாகும். அதில் வலியின்றியே இரத்தம் கசிவதுண்டு. பௌத்திரம் என்பது ஆசனவாய்க்கு உள்ளிருந்து வெளித்தோல் வரை புரையோடிச் சீழ் வடியும் நோய். வெடிப்போ ஆசனவாயின் மெல்லிய உள்தோல் நீளவாக்கில் கிழிவதனால் உண்டாவது. மூன்றிற்கும் சிகிச்சை வேறாதலின், எது எது எனப் பிரித்தறிவதே முதற்படியாகும்.

நோய் நாட்பட்டதாவது எவ்வாறு

கடினமான மலம் வெளியேறும்போது ஏற்படும் கிழிசலே இந்நோயின் தொடக்கம். பெரும்பாலும் அது ஆசனவாயின் பின்பக்க நடுக்கோட்டில் அமைகிறது. அவ்விடத்தில் இயல்பாகவே இரத்த ஓட்டம் குறைவு. வலி கண்டவுடன் உட்புறச் சுருக்குத்தசை தானாகவே இறுகிக் கொள்கிறது. நாம் விரும்பினாலும் இதனைத் தளர்த்த இயலாது. தசை இறுகுவதால் இரத்த ஓட்டம் மேலும் குறைந்து, புண் ஆறாமல் நிற்கிறது. வலிக்கு அஞ்சி நோயாளி மலத்தை அடக்குகிறார். அடக்கிய மலம் வறண்டு மேலும் கடினமாகி, மறுமுறை வெளியேறும்போது அதே இடத்தைக் கிழிக்கிறது. இச்சுழல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் நாட்பட்ட வெடிப்பு எனக் கொள்வர். அந்நிலையில் புண்ணின் ஓரங்கள் தடித்து, வெளிப்புறத்தில் சிறு தோல் முளையொன்று தோன்றும். இதைக் கண்டுதான் பலர் தமக்கு மூலம் இருப்பதாக எண்ணிக் கொள்கின்றனர்.

பண்டை நூல்கள் கூறுவது

ஆயுர்வேத நூல்களில் "பரிகர்த்திகா" எனப்படும் துன்பம் இந்நோயுடன் பெரிதும் ஒத்திருக்கிறது. "சுற்றிலும் அறுப்பது" என்பது அச்சொல்லின் பொருள். சரக சம்ஹிதையும் சுசுருத சம்ஹிதையும் இதனைத் தவறாகச் செய்யப்பட்ட சிகிச்சையின் விளைவுகளுள் வைத்துப் பேசுகின்றன. மெலிந்தவருக்கும், வறண்ட உடலினருக்கும், இளகிய குடலினருக்கும் கடுமையான பேதி மருந்து கொடுப்பதால் பரிகர்த்திகா நேரும் என்பது அவற்றின் கருத்து. காசியப சம்ஹிதை இதனைக் கர்ப்பிணிகளுக்கு வரும் நோய்களுள் சேர்த்துள்ளது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்திற்குப் பின்னும் வெடிப்பு மிகுதியாகக் காணப்படுவதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

இதிலிருந்து களப்பணியாளர் அறிய வேண்டிய பாடம் ஒன்றுண்டு. மலச்சிக்கல் என்று கேட்டவுடன் கடும் பேதி மருந்தைத் தேடுவதைப் பண்டை நூல்களே கண்டிக்கின்றன.

சிகிச்சையின் படிகள்

ஆயுர்வேதக் கொள்கைப்படி இந்நோயில் கெடுவது கீழ்நோக்கிச் செல்லும் அபான வாயு. அதனுடன் பித்தமும் சேரும்போது எரிச்சலும் இரத்தமும் தோன்றுகின்றன. ஆகவே வறட்சியை நீக்கி நெய்ப்பூட்டுவதும், எரிச்சலைத் தணிப்பதும், புண்ணை ஆற்றுவதும் சிகிச்சையின் நோக்கங்கள்.

முதலாவது உணவு. கீரை, காய்கறி, பழம், தவிடு நீக்காத தானியம், போதுமான நீர், உணவுடன் அளவாக நெய் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. மிளகாய், வறுத்த பண்டங்கள், வறண்ட உணவு ஆகியவற்றைக் குறைத்தல் வேண்டும். குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் விளையும் இசப்கோல் விதையின் உமி நீரை ஈர்த்து மலத்தை மென்மையாக்குகிறது. ஆனால் அதனை நிறைய நீருடன் உட்கொள்ளாவிடில், உப்பி அடைப்பை உண்டாக்கக்கூடும். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலைச் சூரணத்தை வைத்தியர் தக்க அளவில் இரவில் கொடுப்பதுண்டு.

இரண்டாவது அவகாகம், அதாவது இளஞ்சூடான நீரிலோ கஷாயத்திலோ இடுப்பளவு அமர்ந்திருத்தல். நாள்தோறும் இரண்டு மூன்று முறை, குறிப்பாக மலங்கழித்த பின்னர், பத்து அல்லது பதினைந்து நிமிடம் அமர்ந்தால் இறுகிய தசை தளர்ந்து வலி தணியும். ஆங்கில வைத்தியரும் இதனையே கூறுகின்றனர்.

மூன்றாவது வஸ்தி. அதிமதுரம் சேர்த்துக் காய்ச்சிய நெய் அல்லது எண்ணெயைச் சிறிய அளவில் ஆசனவாய் வழியே செலுத்துவது வழக்கம். இலவமரத்தின் வழவழப்பான சாற்றைப் பாலுடன் சேர்த்துச் செய்யும் "பிச்சா வஸ்தி" சரகரால் கூறப்பட்டது. புண்ணின்மீது ஜாத்யாதி தைலம் இடுவதும் உண்டு. இதில் மயில்துத்தம் சேர்வதால், முறைப்படி தயாரித்ததையே வெளிப்பிரயோகமாகக் கையாள வேண்டும். வஸ்தி பயிற்சி பெற்றவரின் கையாலேயே செய்யப்படவேண்டும். புண்ணின்மீது குழாய் உரசினால் நோய் வளரும்.

க்ஷார சூத்திரமும் அதன் எல்லையும்

க்ஷார சூத்திரம் என்னும் மருந்து நூலைப் பற்றி மக்கள் பரவலாகக் கேள்வியுற்றிருக்கின்றனர். கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த உப்பு, மஞ்சள் ஆகியவற்றைப் பருத்த நூலின்மேல் இருபத்தொரு முறை பூசி உலர்த்தி இது செய்யப்படுகிறது. காசி இந்து பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டேயும் அவருடைய குழுவினரும் 1960-களில் தொடங்கி இம்முறைக்குப் புத்துயிர் அளித்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஒப்பாய்வில், புண் ஆறுவதற்கு நூல் முறையில் சுமார் எட்டு வாரமும் அறுவையில் சுமார் நான்கு வாரமும் ஆயின. ஓராண்டிற்குள் நோய் மீண்டும் வந்தது நூல் முறையில் நூற்றுக்கு 4 பேருக்கும் அறுவையில் 11 பேருக்கும் ஆகும்.

இவ்வாய்வு பௌத்திரத்தைப் பற்றியது என்பதை மறத்தலாகாது. வெடிப்பு நோயில் வெளித்தோல் முளையை அகற்றுவதற்கு மட்டுமே சில வைத்தியர் இந்நூலைப் பயன்படுத்துகின்றனர். "நூல் கட்டினால் எல்லாம் தீரும்" என்னும் விளம்பரத்தை நம்பிப் பொருளையும் காலத்தையும் இழத்தல் கூடாது.

எப்போது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்

புதிய வெடிப்பு உணவு மாற்றத்தாலும் வெந்நீர் அவகாகத்தாலும் பெரும்பாலும் ஆறிவிடும். சில வாரங்களில் ஆறாவிடின் தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் அல்லது நைட்ரோகிளிசரின் களிம்புகள் உண்டு. பின்னது தலைவலியை உண்டாக்கக்கூடும். அவையும் பயன்படாதபோது, உட்புறச் சுருக்குத்தசையின் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டித் தளர்த்தும் அறுவை செய்யப்படுகிறது. இதனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமடைகின்றனர்; ஆயினும் சிலருக்கு வாயுவை அடக்கும் ஆற்றல் குறையலாம்.

பின்வருவன காணப்பட்டால் எந்த வீட்டு மருந்திலும் காலங்கடத்தலாகாது: மலத்துடன் கலந்த அல்லது கறுத்த இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், மலங்கழிக்கும் வழக்கத்தில் திடீர் மாற்றம், சீழும் காய்ச்சலும், நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் தோன்றிய வெடிப்பு. கடைசியாகக் கூறியது காசநோய் முதலிய வேறு நோய்களின் அடையாளமாக இருக்கக்கூடும். நாற்பது வயதைக் கடந்தவருக்கு இரத்தம் போகுமாயின், மூலம் என்று தாமே முடிவு செய்துகொள்ளாமல் குடற்புற்று இல்லை என்பதை உறுதி செய்து கொள்ளுதல் அவசியம். அதிமதுரத்தை உள்ளுக்கு நெடுநாள் உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரலாம். கர்ப்பிணிகள் எம்மருந்தையும் வைத்தியரின் ஆலோசனையின்றி உட்கொள்ளலாகாது. அமிலமோ காரமோ பூசி, ஊசி போட்டு ஒரே நாளில் குணமாக்குவதாகக் கூறும் பயிற்சியற்றோரிடம் செல்வது ஆபத்தானது.

களப்பணியாளரும் ஆசிரியரும்

இந்நோய் குழந்தைகளுக்கும் வருகிறது. பள்ளிக் கழிப்பிடம் தூய்மையாக இல்லாமையாலோ, கதவும் நீரும் இல்லாமையாலோ, வகுப்பினிடையே அனுமதி கேட்க அஞ்சுவதாலோ குழந்தைகள் மலத்தை அடக்குகின்றனர். கழிப்பிடம் செல்ல நேருமே என்று பெண் குழந்தைகள் பகல் முழுதும் நீர் அருந்தாமல் இருப்பதும் உண்டு. ஒருமுறை வலி கண்ட குழந்தை மறுமுறையும் அடக்கும். சுழல் அங்கேயே தொடங்குகிறது. இயற்கை உந்துதல்களை அடக்கலாகாது என்பது ஆயுர்வேத நூல்கள் வற்புறுத்தும் விதி. கேட்டவுடன் அனுமதி அளிப்பதும், குடிநீரும் தூய கழிப்பிடமும் கிடைக்கச் செய்வதும் ஆசிரியர் செய்யத்தக்க தடுப்பு முறைகள்.

களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போது, குறிப்பாகப் பிரசவித்த தாய்மாரிடம், இதனைக் கூச்சமின்றித் தனிமையில் விசாரித்தல் நலம். தாமாக இதனைச் சொல்ல முன்வருவோர் சிலரே. கேட்டால் சொல்வோர் பலர். முதல் வாரத்திலேயே தெரிய வந்த வெடிப்பை வெந்நீரும் தக்க உணவும் கொண்டே பெரும்பாலும் ஆற்றிவிடலாம்.