மாரிப் புல்லைக் கோடைக்குச் சேமிப்போம்

2014 ஆம் ஆண்டு ஆவணி மாதம் என் பசுவை விற்றேன். 2010 இல் கிளிநொச்சியில் மீளக்குடியேறி, தறப்பாள் கொட்டிலில் இருந்த நாட்களில் உதவியாகக் கிடைத்த பசு அது. அவர் இல்லாத வீட்டில் என் இரண்டு பிள்ளைகளின் கொப்பியும் பேனையும் அதன் பாலில்தான் வந்தன. மாரியில் ஆறு போத்தல் பால் தந்த பசு, அந்த வரட்சியில் ஒரு போத்தலுக்கு இறங்கிவிட்டது. விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, அதன் நாகு கன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அன்று அடுத்த வளவு ஆச்சி ஒரு கேள்வி கேட்டா: "பிள்ளை, நெல்லை மூட்டை கட்டி வைக்கிறம். கிழங்கைக் காயவைச்சு ஒடியலாக்கி வைக்கிறம். புல்லை மட்டும் ஏன் வைக்கேல்லை?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. மாரியில் காலில் மிதிபட்ட புல்லெல்லாம் சோழகக் காற்றில் கருகிப் போனதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அதன் பிறகுதான் கால்நடை அலுவலகத்தில் நடந்த பயிற்சிக்குப் போனேன். அங்கு படித்ததையும், செய்து பார்த்துப் பிழைவிட்டுத் திருந்தியதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

காயவைத்தல்

புல்லைப் பூக்குமுன் வெட்ட வேண்டும். விதை கொண்டபின் தண்டு நாராகிவிடும்; சத்தும் குறைந்துவிடும். மழை ஓய்ந்த மாசி, பங்குனியில், காலைப் பனி காய்ந்த பிறகு வெட்டி, தறப்பாளில் மெல்லியதாகப் பரப்புங்கள். நாளுக்கு மூன்று நான்கு தடவை புரட்டினால் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். தண்டை முறித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு அடுக்கினால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை இலையில் புரதம் அதிகம். பச்சையாகக் கொடுத்தால் மணத்துக்கு முகம் திருப்பும் மாடுகளும், வாடிய இலையைத் தின்னும். நான் அதை நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டிவைத்து, கோடையில் வைக்கோலுடன் சிறிதளவு கலந்து போடுவேன்.

புளிக்கவைத்தல்

இதைச் 'சைலேஜ்' என்பார்கள். பாலைத் தயிராக்குவது போன்ற புளிப்புத்தான் புல்லையும் கெடாமல் காக்கிறது. அந்தப் புளிப்பு உண்டாகக் காற்று உள்ளே இருக்கக் கூடாது.

கினிப்புல், கோ-3 புல், பால் முற்றிவரும் பருவத்துச் சோளம் எல்லாம் நல்லவை. வெட்டிய புல்லை அரை நாள் வாடவிட்டு, ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பொத்திப் பாருங்கள். நீர் சொட்டினால் இன்னும் வாடவேண்டும். கையை விரித்ததும் உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. மெதுவாகப் பிரிந்தால் அதுவே பதம்.

100 கிலோ புல்லுக்கு 2 அல்லது 3 கிலோ கரும்புப் பாகை நீரில் கரைத்துத் தெளியுங்கள். சோளத்தில் இனிப்பு இருப்பதால் அதற்குப் பாகு தேவையில்லை. பிறகு சுத்தமான பிளாஸ்டிக் பரலில் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு மிதித்து, மேலும் போட்டு மிதித்து, வாய்வரை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடுங்கள். 200 லீற்றர் பரலில் ஏறக்குறைய 100 கிலோ பிடிக்கும். இரசாயனம் இருந்த பரல் வேண்டாம். பரல் இல்லாதவர்கள் தடித்த பொலித்தீன் பையில் அடைத்து, அதை உரப்பைக்குள் வைத்துக் கட்டலாம்.

முதல் வருடம் நான் அவசரத்தில் சரியாக மிதிக்கவில்லை. திறந்தபோது கறுத்து நாறியது. ஒரு பரல் புல்லையும் எருக்குழியில் கொட்டிவிட்டு அழுதேன். ஆனாலும் மாட்டுக்குப் போடவில்லை. பூஞ்சணம் பிடித்த தீனி மாட்டுக்கு நோயைக் கொண்டுவரும்.

கவனிக்க வேண்டியவை

ஆறு வாரம் கழித்துத் திறவுங்கள். மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இனிய புளிப்பு மணமும் இருந்தால் நல்லது. முதலில் நாளுக்கு ஒரு கிலோவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். பாலில் மணம் ஏறாதிருக்க, பால் கறந்த பின்பே கொடுங்கள். திறந்த பரலைத் தினமும் எடுத்து விரைவில் முடித்துவிட வேண்டும். என் இரண்டு மாடுகளுக்கும் நாளுக்கு 10 கிலோ போடுவதால் ஒரு பரல் பத்து நாளில் முடியும். ஒரு மாடு உள்ளவர்களுக்குச் சிறிய பைகளே வசதி.

அன்று விற்காமல் வைத்த நாகின் வயிற்றில் பிறந்தவைதான் இன்று என் கொட்டிலில் நிற்கும் இரண்டு பசுக்களும். கோடையில் பால் குறையத்தான் செய்கிறது. ஆனால் நாலு போத்தலுக்குக் கீழே போவதில்லை. புரட்டாசி மாதத்திலும் பால் காசு கைக்கு வருகிறது.

சகோதரிகளே, நாங்கள் இழந்தவை பல. அவற்றை மீட்க முடியாது. கையில் இருக்கிற மாட்டைக் காப்பாற்ற முடியும். வரும் மாரியில் ஒரு பைப் புல்லையாவது கட்டி வையுங்கள்.